ஒரு கவுண்டியின் பிள்ளைகள் நலமா என்று எப்படி அளப்பது?

கேள்வி இதுதான். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ஊர்ப்புறக் கவுண்டி (மாநிலத்துக்கு உட்பட்ட, மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஒன்றில் குழந்தை மருத்துவராக இருக்கும் தமிழர் ஒருவரைக் கவுண்டி நிர்வாகம் ஒரு குழுவில் சேர்த்திருக்கிறது. மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ எட்டாயிரம். அதில் 18 வயதுக்குட்பட்டோர் 1,800 பேர். ஆண்டுக்குச் சுமார் 80 குழந்தைகள் பிறக்கின்றன. பிள்ளைகளும் பதின்வயதினரும் எப்படி இருக்கிறார்கள் என்பதை ஒரே மதிப்பெண்ணாக ஆண்டுதோறும் வெளியிட்டு, மாநிலத்தின் 87 கவுண்டிகளில் தாங்கள் எத்தனையாவது இடம் என்று அறிவிக்க வேண்டும் என்பது குழுவின் விருப்பம். எந்தெந்த அளவுகோல்களை எடுப்பது, எப்படிக் கூட்டுவது என்று கேட்கிறார்.

கூட்டாதீர்கள் என்பதுதான் என் பதில். தரவரிசையும் வேண்டாம். மேலே சொன்ன 80 என்ற எண்ணிலேயே அதற்கான காரணம் இருக்கிறது.

சிசு மரணத்தை எடுத்துக்கொள்வோம். குழந்தை நலம் பற்றிய எந்தப் பட்டியலிலும் அது இருக்கும். அமெரிக்க அளவில் 2022-ஆம் ஆண்டு விகிதம் ஆயிரம் பிறப்புக்கு 5.6. உங்கள் கவுண்டியில் இந்த ஆண்டு ஒரு குழந்தை இறந்தால் விகிதம் 12.5 ஆகிவிடும், நாட்டு சராசரியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அடுத்த ஆண்டு யாரும் இறக்கவில்லை என்றால் சுழியம், ஜப்பானையே மிஞ்சிவிட்டீர்கள். இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் உங்கள் கவுண்டியில் எதுவுமே மாறியிருக்காது. நாட்டு சராசரி ஆபத்தே உங்களுக்கும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டாலும், மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய இரண்டில் மரணம் எதுவும் நிகழாமல் போவதே இயல்பு. ஐந்தாண்டுகளைச் சேர்த்து 400 பிறப்புகள் என்று பார்த்தாலும் ஒரு மரணம் என்றால் 2.5, நான்கு என்றால் 10. இரண்டுமே வெறும் தற்செயலால் வரக்கூடியவை.

எந்தத் தரவரிசையை எடுத்துப் பார்த்தாலும் மேல் நுனியிலும் கீழ் நுனியிலும் சிறிய கவுண்டிகளே குவிந்து கிடப்பது இதனால்தான். பன்னிரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் வாழும் ஹென்னபின் கவுண்டி ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக இடம் மாறாது. மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் டிராவர்ஸ் கவுண்டி ஓர் ஆண்டு முதலிடத்திலும் மறு ஆண்டு கடைசியிலும் வந்தால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகமும் ராபர்ட் உட் ஜான்சன் அறக்கட்டளையும் சேர்ந்து 2010 முதல் நாட்டின் கவுண்டிகளுக்கெல்லாம் சுகாதாரத் தரவரிசை வெளியிட்டு வந்தன. 2024-இல் அவர்களே இட எண் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அதை இப்போது நீங்கள் புதிதாகத் தொடங்குவது வேண்டாத வேலை.

சிறிய எண்ணைச் சமாளிக்க எல்லோரும் கையாளும் வழி, பல ஆண்டுகளைச் சேர்த்துச் சொல்வது. அதற்கும் ஒரு விலை உண்டு. அந்தச் சுகாதாரத் தரவுகளிலேயே பதின்வயதுப் பிரசவ விகிதம் ஏழு ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. அப்படிச் சேர்க்கும்போது முதல் ஆண்டில் 19 வயதாக இருந்த பெண், எண் வெளியாகும்போது இருபத்தைந்தைத் தாண்டியிருப்பார். 'நம் பதின்வயதுப் பெண்களின் நிலை' என்று கூட்டத்தில் திரையில் ஓடும் எண்ணில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்று பதின்வயதிலேயே இல்லை. அதற்குள் நாட்டின் போக்கும் மாறிவிடுகிறது. 1991-இல் 15 முதல் 19 வயதுப் பெண்கள் ஆயிரம் பேருக்கு 61.8 பிரசவம் என்று இருந்தது, அண்மை ஆண்டுகளில் பதினான்குக்கும் கீழே வந்துவிட்டது. இவ்வளவு வேகமாகச் சரியும் ஒன்றுக்கு ஏழாண்டுச் சராசரி எடுத்தால், பழைய நிலைமையைத்தான் காட்டும்.

வறுமைக்கு வருவோம். குழுவில் யாராவது அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வேயின் அட்டவணையை இறக்கி வைத்திருப்பார்கள். ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகளுக்கு அனுப்பப்படும் மாதிரிக் கணக்கெடுப்பு அது. 65,000 பேருக்கு மேல் வாழும் இடங்களுக்கு மட்டுமே ஓராண்டு மதிப்பீடு கிடைக்கும். உங்களுக்கு ஐந்தாண்டுத் தொகுப்புதான். அந்த அட்டவணையில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பிழை வரம்பு (உண்மை எண் எவ்வளவு விலகியிருக்கலாம் என்பது) என்று ஒரு பத்தி இருக்கும். பலரும் எக்செல் கோப்பில் முதலில் நீக்குவது அந்தப் பத்தியைத்தான். உதாரணத்துக்கு, குழந்தை வறுமை 18 சதவீதம், பிழை வரம்பு கூட்டியும் கழித்தும் 9 என்று ஒரு தொகுப்பில் இருக்கிறது. முந்தையதோடு பொது ஆண்டு எதுவும் இல்லாத அடுத்த தொகுப்பில் 23 சதவீதம், வரம்பு 10. உள்ளூர்ப் பத்திரிகை 'குழந்தை வறுமை அதிகரிப்பு' என்று தலைப்புப் போடும். வேறுபாடு 5 புள்ளி. அந்த வேறுபாட்டின் பிழை வரம்போ 13-க்கும் மேல். வறுமை கூடியதா குறைந்ததா என்று இந்த இரண்டு எண்களை வைத்துச் சொல்லவே முடியாது. ஓராண்டு மட்டும் தள்ளி அடுத்தடுத்து வெளியாகும் ஐந்தாண்டுத் தொகுப்புகளை ஒப்பிட்டால் நிலைமை இன்னும் மோசம், நான்கு ஆண்டுகள் இரண்டிலும் ஒரே தரவுதான்.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. சிறுபகுதி வருமான, வறுமை மதிப்பீடுகள் என்ற பெயரில் சென்சஸ் பீரோ ஒவ்வொரு கவுண்டிக்கும் 18 வயதுக்குட்பட்டோர் வறுமையை ஆண்டுதோறும் தனியாக வெளியிடுகிறது. சேப் என்று சுருக்கிச் சொல்வார்கள். மாதிரிக் கணக்கெடுப்பை மட்டும் நம்பாமல் வருமான வரிக் கணக்குகள், உணவு உதவி பெறுவோர் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு புள்ளியியல் சமன்பாட்டில் சேர்த்து மதிப்பிடுகிறார்கள். ஏழை மாணவர்களுக்கான டைட்டில் ஒன்று என்ற மத்திய அரசு நிதியைப் பங்கிடுவதற்கே இந்த எண்கள் உருவாக்கப்பட்டன. பணம் இதை நம்பிப் போவதால் செய்முறையில் கவனம் அதிகம். உங்கள் குழு ஒரே ஒரு வறுமை எண்ணைத்தான் பயன்படுத்தப்போகிறது என்றால், நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனாலும் வறுமைக் கோடு என்பது என்ன என்று குழுவில் ஒருமுறையாவது பேசிவிடுங்கள். 1960-களின் தொடக்கத்தில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் இருந்த மோலி ஒர்ஷான்ஸ்கி, சிக்கனமான உணவுச் செலவை மூன்றால் பெருக்கி வரைந்த கோடு அது. விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தப்பட்டாலும் அடிப்படை இன்றும் அதேதான். 2023-இல் இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு 30,900 டாலர். சான் பிரான்சிஸ்கோவிலும் அதே கோடு, மிசிசிப்பி டெல்டாவிலும் அதே கோடு. வாடகையைக் கணக்கில் எடுக்காததால், ஊர்ப்புறக் கவுண்டிகள் இருப்பதைவிட ஏழையாகவும் நகரக் கவுண்டிகள் இருப்பதைவிட வசதியாகவும் தெரிகின்றன. இன்னொன்று: குடும்ப உறவில்லாதவரோடு வாழும் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், அதாவது வளர்ப்புக் காப்பில் இருக்கும் பெரும்பாலான சிறுவர்கள், வறுமைக் கணக்கிலேயே சேர்க்கப்படுவதில்லை. கவுண்டி நிர்வாகம் நேரடியாகப் பொறுப்பேற்றிருக்கும் பிள்ளைகள்தான் அந்த எண்ணில் இல்லாமல் போகிறார்கள்.

பள்ளி மதிய உணவை வறுமையின் அடையாளமாக எடுக்கும் பழைய பழக்கம் இனி உதவாது. ஒரு காலத்தில் அது நல்ல குறிப்பு. வறுமைக் கோட்டைப் போல 185 சதவீதம் வரை வருமானம் உள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு இலவசமாகவோ குறைந்த விலையிலோ சாப்பாடு. அதற்காகப் பெற்றோர் படிவம் நிரப்புவார்கள். படிவங்களை எண்ணினால் ஏழைப் பிள்ளைகளின் தொகை கிடைக்கும். 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஏழ்மை மிகுந்த பள்ளிகள் படிவமே கேட்காமல் எல்லோருக்கும் இலவசமாக உணவு தரலாம் என்ற ஏற்பாடு வந்து, 2014–15 கல்வியாண்டில் நாடெங்கும் பரவியது. அப்படிச் சேர்ந்த பள்ளிகளில் சில, எல்லா மாணவர்களையும் தகுதியுள்ளவர்கள் என்று கணக்குக் கொடுத்தன. உங்கள் மினசோட்டாவோ 2023–24 முதல் அனைத்துப் பிள்ளைகளுக்கும் பள்ளி உணவை இலவசமாக்கிவிட்டது. சாப்பாடு எப்படியும் கிடைக்கும்போது படிவத்தை யார் நிரப்புவார்கள்? ஆக, திட்டம் நல்லது, எண் கெட்டுவிட்டது. பத்தாண்டு வரைபடத்தில் இந்த எண் எகிறினாலும் விழுந்தாலும், அது பிள்ளைகளின் வீட்டு நிலைமையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

இதே கண்ணோட்டத்தோடு குழந்தைத் துன்புறுத்தல் புகார்களையும் பாருங்கள். அமெரிக்காவில் இத்தகைய புகார்களில் வழக்கமாக ஐந்தில் ஒன்று ஆசிரியர்களும் பள்ளி ஊழியர்களும் கொடுப்பது. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டதும் நாடு முழுவதும் புகார்கள் சரிந்தன. வீடுகள் திடீரென்று பாதுகாப்பாகிவிட்டன என்று யாரும் நம்பவில்லை. பார்ப்பதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான். உங்கள் கவுண்டி பள்ளிக்கு ஒரு நல்ல சமூகப் பணியாளரை நியமித்தால் அடுத்த ஆண்டு புகார் கூடும். ஒற்றை மதிப்பெண்ணில் அது உங்களுக்குத் தண்டனையாக விழும். இப்படிப்பட்ட எண்களை நலத்தின் அளவாக வைக்காமல், நிர்வாகத்தின் வேலைப்பளுவாகத் தனியே வெளியிடுங்கள்.

பெரிய கவுண்டிகளுக்கு இதற்கு நேரெதிரான சிக்கல். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர். அங்கே சராசரி என்பது யாருக்கும் சொந்தமில்லாத எண். எல்லையை எங்கே போடுகிறோம் என்பது பிள்ளைகளின் உடலையே பாதிக்கும் என்பதற்கு மிச்சிகனின் ஜெனசி கவுண்டியில் உள்ள ஃபிளின்ட் நகரைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. 2014 ஏப்ரலில் நகரின் குடிநீர் ஆதாரம் மாற்றப்பட்டது. பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் பற்றிய தரவு மாநில சுகாதாரத் துறையிடம் ஏற்கெனவே இருந்தது. கவலைப்பட ஒன்றுமில்லை என்றே அதிகாரிகள் சொன்னார்கள். குழந்தை மருத்துவரான மோனா ஹன்னா-அட்டிஷா, புவியியலாளர் ஒருவரின் துணையோடு பிள்ளைகளின் வீட்டு முகவரிகளை வரைபடத்தில் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார். ஃபிளின்ட் என்ற அஞ்சல் முகவரியும் அஞ்சல் குறியீடும் நகர எல்லைக்கு வெளியிலும் நீள்கின்றன. அந்த வெளிப்பகுதிப் பிள்ளைகள் குடித்தது வேறு தண்ணீர். அவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டதில் உயர்வு நீர்த்துப்போயிருந்தது. உண்மையில் நகரத் தண்ணீர் குடித்தவர்களை மட்டும் பிரித்தபோது, ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் இரத்தத்தில் ஈயம் மிகுந்தவர்கள் 2.4 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதமாக, இரு மடங்காகியிருந்தார்கள். 2015 செப்டம்பரில் அவர் முதற்கட்ட முடிவுகளை வெளியிட்ட பிறகும், அதிகாரிகள் ஒப்புக்கொள்வதற்குச் சில நாட்கள் பிடித்தன. ஒரே ஆய்வக முடிவுகள்தான். கோடு மட்டும் வேறு இடத்தில். இந்தக் குழுவில் மருத்துவர் ஒருவர் இருப்பதன் பயன் இதில்தான் என்று நினைக்கிறேன். எந்தப் பிள்ளை எந்தத் தண்ணீரைக் குடிக்கிறது, எந்தப் பண்ணைத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து வருகிறது என்பது அட்டவணையில் இருக்காது. உங்கள் நோயாளிகள் வருகைப் பதிவில் இருக்கும்.

இனப் பத்திகளிலும் இதே கதை. செயின்ட் பால் நகரம் இருக்கும் ராம்சி கவுண்டியில் 'ஆசியர்' என்ற பத்தியில் மென்பொருள் வேலை பார்க்கும் நம்மவர் வீட்டுப் பிள்ளையும், பர்மாவிலிருந்து அகதியாக வந்த கரென் இனத்தவர் வீட்டுப் பிள்ளையும் ஒன்றாக நிற்கிறார்கள்.

இனிப் பதின்வயதினர். எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். ஒரு குழந்தை பிறந்தால் பிறப்புப் பதிவு இருக்கிறது, எடை இருக்கிறது, தடுப்பூசிப் பதிவு இருக்கிறது. பள்ளியில் சேர்ந்தால் வாசிப்புத் தேர்வு இருக்கிறது. 14 வயதுப் பையன் எந்த ஏட்டில் இருக்கிறான்? பள்ளி வருகையையும் தேர்வையும் விட்டால், சிக்கலில் மாட்டும்போது மட்டுமே அவன் பெயர் ஏதாவது ஓர் ஏட்டில் ஏறுகிறது: சிறார் நீதிமன்றம், அவசர சிகிச்சைப் பிரிவு, பள்ளி இடைநிற்றல், மரணப் பதிவு. அதனால் அரசுப் பதிவுகளை வைத்துக் கட்டும் எந்தப் 'பதின்வயது நல' அளவும் தவிர்க்க முடியாமல் கேடுகளின் பட்டியலாகவே முடிகிறது. கர்ப்பமாகவில்லை, கைதாகவில்லை, சாகவில்லை, ஆகவே நலம்! எந்தத் தாயும் தன் பிள்ளையைப் பற்றி இப்படிச் சொல்லமாட்டாள்.

அவர்களையே கேட்பதைத் தவிர வேறு வழி கிடையாது. தேசிய அளவில் மத்திய அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சி.டி.சி. 1991 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் இளையோர் ஆபத்து நடத்தை ஆய்வை நடத்துகிறது. ஆனால் அது நாடு, மாநிலம், சில பெரிய பள்ளி மாவட்டங்கள் என்ற அளவில்தான் பயன்படும். உங்கள் கவுண்டிக்கு எண் தராது. உங்களுக்குக் கிடைத்திருப்பது அதைவிடப் பெரிய வாய்ப்பு. மினசோட்டா மாணவர் ஆய்வு 1989 முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 5, 8, 9, 11-ஆம் வகுப்பு மாணவர்கள் பெயர் குறிப்பிடாமல் பதில் சொல்கிறார்கள். முடிவுகள் கவுண்டிவாரியாக வெளியாகின்றன. தூக்கம், பயம், தற்கொலை எண்ணம், கேலிக்கு ஆளாவது, மனம்விட்டுப் பேசப் பெரியவர் ஒருவர் இருக்கிறாரா என்பது வரை கேள்விகள் உண்டு. மாதிரி எடுப்பதில்லை, பங்கேற்க இசையும் பள்ளி மாவட்டங்களில் எல்லா மாணவர்களையும் கேட்கிறார்கள்.

இதைப் பயன்படுத்தும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பங்கேற்பது பள்ளி மாவட்டத்தின் விருப்பம். உங்கள் கவுண்டியில் இரண்டு பள்ளி மாவட்டங்கள் இருந்து, அதில் ஒன்று ஓர் ஆண்டு விலகிக்கொண்டால் எண் மாறும், பிள்ளைகள் மாறாமலே. எத்தனை பேர் பதில் சொன்னார்கள், எந்தப் பள்ளிகள் என்பதை முடிவுக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். அடுத்தது மறைகாப்பு. உங்கள் கவுண்டியில் 11-ஆம் வகுப்பில் நூறு பேர் இருந்தால் அதிகம். 'தற்கொலைக்கு முயன்ற மாணவிகள்: 3' என்று அச்சானால், அன்று மாலைக்குள் ஊரில் யார் யார் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். சி.டி.சி. தன் மரணத் தரவுகளில் ஒன்று முதல் ஒன்பது வரையிலான எண்ணிக்கைகளைக் காட்டாமல் மறைக்கிறது. இருபதுக்குக் கீழ்ப்பட்ட எண்ணிக்கையில் கட்டிய விகிதத்தை நம்பத்தகாதது என்று குறிக்கிறது. அந்த இரண்டு வரம்புகளையும் அப்படியே உங்கள் குழுவின் விதியாக எடுத்துக்கொள்ளலாம்.

பள்ளித் தரவில் ஒரு நுணுக்கம். ஃபுளோரிடாவில் 67 கவுண்டிகள், 67 கவுண்டிப் பள்ளி மாவட்டங்கள், பொருத்தம் கச்சிதம். உங்கள் மாநிலத்தில் பள்ளி மாவட்ட எல்லை கவுண்டி எல்லையை மதிப்பதே இல்லை. உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிப்போர் விகிதம் எடுக்கும்போது, பக்கத்துக் கவுண்டிப் பள்ளிக்குப் பஸ்ஸில் போகும் உங்கள் பிள்ளைகளை யார் எண்ணுகிறார்கள் என்று கேளுங்கள். பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வராதவர்கள் எத்தனை பேர் என்ற நீடித்த வராமை விகிதத்தை மட்டும் கட்டாயம் எடுங்கள். தேர்வு மதிப்பெண்ணுக்கு முன்பே அது அசைகிறது; அதற்குக் காரணம் ஆஸ்துமாவா, பஸ்ஸா, வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் வேலையா என்று விசாரித்து ஏதாவது செய்யவும் முடியும்.

இவ்வளவுக்குப் பிறகும் குழுவில் சிலர் ஒற்றை மதிப்பெண்ணையே கேட்பார்கள். அன்னி கேசி அறக்கட்டளை 1990 முதல் வெளியிடும் கிட்ஸ் கவுண்ட் ஆண்டு நூல் மாநிலங்களை வரிசைப்படுத்தவில்லையா என்பார்கள். வரிசைப்படுத்துகிறது, பொருளாதாரம், கல்வி, உடல்நலம், குடும்பமும் சமூகமும் என நான்கு பிரிவுகளில் பதினாறு அளவுகோல்கள். ஆனால் அது மாநிலங்களுக்கு, லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு. கவுண்டியில் அதையே செய்தால் இன்னொரு தொல்லையும் சேரும். குழந்தை வறுமை, உணவு உதவி, மருத்துவ உதவிக் காப்பீடு, ஒற்றைப் பெற்றோர் வீடுகள் என்று நான்கு பத்திகளை எடுத்து சம எடையில் கூட்டினால், பெரும்பாலும் வறுமையை நான்கு முறை எண்ணியிருப்பீர்கள். குழந்தைகளுக்கான வாய்ப்புகளை நிறைய அளவுகோல்களால் மதிப்பிடும் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் உருவான குறியீட்டெண் கவுண்டியை விட்டுவிட்டு, சென்சஸ் வட்டாரம் என்ற சிறு பகுதி அளவுக்கு இறங்கிப் போவதும் காரணமில்லாமல் அல்ல.

பொருளியலாளர்கள் ராஜ் செட்டி, நேதனியல் ஹெண்ட்ரன் ஆய்வையும் யாராவது மேற்கோள் காட்டக்கூடும். இல்லினாயின் டூபேஜ் கவுண்டியில் வளரும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, சராசரிக் கவுண்டியில் வளர்வதைவிட ஏறக்குறைய 16 சதவீதம் கூடுதலாகப் பிற்காலத்தில் சம்பாதிக்கிறது என்று காட்டிய ஆய்வு அது. வரிக் கணக்குகளை வைத்துக் கட்டிய மிக நேர்த்தியான வேலை. (செட்டியின் பெற்றோர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் என்பதால் நம்மவர்களுக்கு ஒரு தனிப் பெருமையும் உண்டு.) ஆனால் அது சொல்வது 1980-களில் பிறந்தவர்கள் வளர்ந்த கவுண்டியைப் பற்றி. இடம் பிள்ளையை உருவாக்குகிறது என்பதற்கு ஆதாரமாக அதை வைத்துக்கொள்ளுங்கள்; இந்த ஆண்டு நிலவரத்துக்கு அதைத் தேட வேண்டாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஆறே எண்களை எடுப்பேன். சேப் தரும் குழந்தை வறுமை, அதன் வரம்போடு. ஐந்தாண்டுக்குச் சேர்த்த எடை குறைந்த பிறப்பு, அதாவது 2,500 கிராமுக்குக் கீழ். இரண்டு வயதுக்குள் தடுப்பூசி முடித்தவர்கள். நீடித்த பள்ளி வராமை. மாணவர் ஆய்விலிருந்து இரண்டு: மனநலத்தைப் பற்றி ஒன்று, நம்பிப் பேசப் பெரியவர் ஒருவர் இருப்பதைப் பற்றி ஒன்று. ஆறையும் தனித்தனியாக, மாநிலத்தோடும் அக்கம்பக்கத்து ஐந்தாறு கவுண்டிகளைச் சேர்த்த வட்டாரத்தோடும் ஒப்பிட்டு வெளியிடுங்கள். பக்கத்துக் கவுண்டிகளோடு சேர்ந்துகொண்டால் 80 பிறப்பு 500 ஆகும், பல எண்கள் பேசத் தொடங்கும். கவுண்டி நிர்வாகிகளுக்குத் தங்கள் பெயர் தனியாக வர வேண்டும் என்ற ஆசை இருக்கும்; அதைக் கொஞ்சம் சமாளிக்க வேண்டியிருக்கும். எந்த எண் எவ்வளவு மாறினால் யார் என்ன செய்வார்கள் என்பதை முதல் வெளியீட்டுக்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்படி எதையும் எழுத முடியாத எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

தடுப்பூசி விகிதத்தில் வகுக்கும் எண்ணைக் கவனியுங்கள். 2020 சென்சஸில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 5 சதவீதத்துக்கும் மேல் விடுபட்டார்கள் என்பது சென்சஸ் பீரோவே சொன்ன மதிப்பீடு. சிறு கவுண்டிகளில் தனிநபர் விவரம் வெளிப்படாமல் இருக்க எண்களில் வேண்டுமென்றே சிறு மாற்றங்களும் கலக்கப்பட்டன. ஆகவே சென்சஸ் எண்ணால் வகுக்காமல், பிறப்புப் பதிவிலிருந்து வகுக்கும் எண்ணை எடுங்கள். பிறப்புத் தரவைச் சி.டி.சி.யின் இணைய அட்டவணையில் தேடிச் சலிக்க வேண்டாம். ஒரு லட்சத்துக்குக் குறைந்த கவுண்டிகளை அது பெயர் சொல்லாமல் ஒன்றாகச் சேர்த்துவிடும். மாநில சுகாதாரத் துறையின் புள்ளிவிவரப் பிரிவுக்கு எழுதினால் தருவார்கள்.

கடைசியாக, கோப்புகளை இணைக்கப்போகும் நபருக்கு ஒரு குறிப்பு. ஒவ்வொரு கவுண்டிக்கும் ஐந்து இலக்க அடையாள எண் உண்டு. உங்கள் மாநிலத்தின் எண்கள் 27-இல் தொடங்குவதால் தப்பித்தீர்கள். ஒப்பீட்டுக்கு அலபாமாவையோ கலிஃபோர்னியாவையோ சேர்த்தால் எக்செல் முன்னால் இருக்கும் சுழியத்தைத் தின்றுவிட்டு 01001-ஐ 1001 ஆக்கிவிடும். அந்தப் பத்தியை முதலிலேயே எழுத்து வடிவமாக மாற்றி வைக்கச் சொல்லுங்கள். பக்கத்து மாநிலமான தெற்கு டகோட்டாவில் ஷானன் கவுண்டி 2015-இல் ஒக்லாலா லக்கோட்டா என்று பெயர் மாறியபோது எண்ணும் 46113-இலிருந்து 46102 ஆனது. பைன் ரிட்ஜ் பழங்குடிக் காப்பிடம் இருக்கும், நாட்டின் மிக ஏழ்மையான கவுண்டிகளில் ஒன்று அது. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் கவனிக்காமல் இணைத்தால் முதலில் காணாமல் போவது அந்தக் கவுண்டிதான். கனெக்டிகட்டைத் தொடவே வேண்டாம். 2022 முதல் சென்சஸ் தரவில் அதன் எட்டுக் கவுண்டிகளுக்குப் பதிலாக ஒன்பது திட்ட வட்டாரங்கள் வந்துவிட்டன, பழைய எண்களோடு எதுவும் ஒட்டாது.